நாங்கள் கை வைக்காத குடம்

போன வாரம் தேன்மொழி போன் செய்தாள். ஸ்டுடியோவில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு இப்போது அவள்தான் சொந்தக்காரி.

"மேடம், புது சாஃப்ட்வேர் வந்திருக்கு. ஒரே பட்டன். எந்த இரைச்சலா இருந்தாலும் வழிச்சு எடுத்துடுது. சும்மா டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம்னு நம்ம பாத்திர ஆல்பத்தைப் போட்டேன். நாலாவது டிராக்ல பாதியைக் காணோம்!"

"காணோம்னா?"

"அந்த 'ஸிர்ர்'னு ஒண்ணு வருமே, அதை எல்லாம் குப்பைன்னு தூக்கிடுச்சு. அது நிஜமாவே குப்பையா, வேணும்னே வச்சதா? யாரைக் கேட்டாலும் உங்களைக் கேட்கச் சொல்றாங்க."

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். போனில் சொல்லி முடிகிற சங்கதியா அது? எழுதியே தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஓய்வு பெற்றவளுக்கு வெண்டைக்காயை விட்டால் வேறு என்ன வேலை?

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவள். அபிராமபுரத்தில் ஒரு பழைய வீட்டை ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றி வைத்திருந்தார்கள். டேப் மெஷினைத் துடைக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். துடைத்தேன், டேப்பை வெட்டினேன், ஒட்டினேன். கம்ப்யூட்டர் வந்தது, அதையும் கற்றுக்கொண்டேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். அதை நீட்டிச் சொன்னால் எனக்கே தூக்கம் வரும்.

சொல்ல வேண்டியது ராமானுஜம் சாரைப் பற்றி. தலைமைப் பொறியாளர். மயிலாப்பூர் மாடவீதியில் பிறந்தவர். அவ்வளவு நெரிசலான இடத்தில் பிறந்தும் சத்தம் என்றால் அவருக்கு ஆகாது. ஆனால் மனிதர் சத்தம் போட்டுத் திட்டவே மாட்டார். பதிவில் எங்காவது வேண்டாத ஒலி கேட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். அவ்வளவுதான். கண்ணாடி கழன்றால் அந்தச் சத்தத்தைக் கண்டுபிடிக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

பதிவறைக் கதவுக்கு வெளியே சுவரில் ஆணிகள் இருக்கும். கடிகாரம், சாவிக்கொத்து, கொலுசு எல்லாம் அதில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கல்யாணம் ஆன புதிதில் நான் கை நிறையக் கண்ணாடி வளையலோடு போய் நின்றேன்.

"ரொம்ப அழகா இருக்கு சுகுணா. கழட்டி வச்சுட்டு வா" என்றார்.

ஒரு நாள் என் மாமியார் ஏதோ கொடுக்க வந்தவர், ஆணியில் தொங்கிய வளையலையும் என் மொட்டைக் கையையும் பார்த்துவிட்டு மயங்கி விழாத குறை. "புதுசா தாலி கட்டின பொண்ணு! என்ன ஆபீஸ் இது?" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

சார் வெளியே வந்தார். "அம்மா, கோச்சுக்காதீங்கோ. பூணூல்ல முடிஞ்சு வச்சிண்டிருந்த சாவியையே நான் கழட்டி வச்சுட்டுத்தான் உள்ள போறேன்" என்றார். மாமியார் கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வீட்டில் என்னை ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் "உங்க சாவி சார் வளர்த்த பொண்ணாச்சே" என்பார்.

இன்னொரு கதையும் உண்டு. பக்திப் பாடல் பதிவு ஒன்று. கடைசி வரி முடிந்து எல்லோரும் மூச்சை அடக்கி நிற்கும்போது சுவரில் பல்லி கத்தியது. தயாரிப்பாளர் அப்படியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். பல்லியே சொல்லிவிட்டது, கேசட் பிய்த்துக்கொண்டு போகும், இதை அழிக்கவே கூடாது என்று பிடிவாதம். சார் கண்ணாடியைக் கழற்றினார். "பல்லி எனக்குச் சொல்லட்டும், உங்களுக்குச் சொல்லட்டும். கேக்கறவாளுக்கு எதுக்குச் சொல்லணும்?" என்றார். மறுபடி பாட வைத்தார். பல்லியைப் பிடிக்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. ஐயோ, அந்த மத்தியானத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அவருடைய முறைகளில் இரண்டு முக்கியம். ஒன்று, எந்தப் பதிவுக்கும் முன்னால் ஒரு நிமிடம் 'சும்மா' பதிவு செய்வது. யாரும் பேசக்கூடாது, வாசிக்கக்கூடாது. வெற்று அறையின் சத்தம் மட்டும். அதை ஹெட்போனில் கேட்டுத்தான் அறை சுத்தமாக இருக்கிறதா என்று முடிவு செய்வார். இரண்டாவது, கலைஞரின் வாத்தியத்தில் எங்கள் விரல் படவே கூடாது. ஒருமுறை எங்கள் ஆள் ஒருவர் நல்லெண்ணத்தில் ஒரு வீணையைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கப் போய், அந்த அம்மாள் அன்றைக்கு முழுவதும் தந்தியைத் தொட மறுத்துவிட்டார். அன்றிலிருந்து சட்டம். மைக் நம்முடையது, ஒயர் நம்முடையது, அறை நம்முடையது. வாத்தியம் அவர்களுடையது. கோளாறு என்றால் நம் பக்கத்தைத்தான் தேட வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு, வயதாகியும் சார் வேலையை விடாமல் வந்துகொண்டிருந்த காலத்தில், மகாராஜன் வந்தான். தி. நகரில், ரயில் நிலையத்துக்கு அடுத்த தெருவில், அவன் அப்பாவுக்குப் பெரிய பாத்திரக் கடை. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. மகாராஜன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு லேப்டாப்பில் எலக்ட்ரானிக் இசை செய்துகொண்டிருந்தான்.

அவன் ஒரு ஆல்பம் செய்யப் போவதாகச் சொன்னான். பாட்டு கிடையாது, வார்த்தை கிடையாது, வாத்தியமும் கிடையாது. ஒரு பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த பாத்திரங்கள்தான் மொத்த ஆல்பமும். கடையில் அவள் பெயரை வெட்டுகிறார்கள், வண்டியில் ஏற்றுகிறார்கள், புது வீட்டில் இறக்குகிறார்கள், பால் பொங்குகிறது, குழந்தை தட்டைத் தட்டுகிறது, கடைசியில் அந்தப் பாத்திரங்கள் அவள் மகளோடு கிளம்பிப் போகின்றன. இதையெல்லாம் பாத்திரச் சத்தத்தை மட்டும் எடுத்து, நீட்டி, சுருக்கி, மேலே ஏற்றி, கீழே இறக்கி, கம்ப்யூட்டரில் அடுக்கிச் சொல்ல வேண்டும். பெயர் 'புழக்கம்'.

"ஏன்டாப்பா, இது எங்காத்துலயே தினம் நடக்கறதேடா. அதுக்கு ஸ்டுடியோ எதுக்கு?" என்றார் சார்.

"வீட்ல ஃபேன் ஓடுது சார்" என்றான் மகாராஜன்.

அந்த ஒரு பதிலில் சார் விழுந்துவிட்டார்.

பையன் என்னிடம்தான் முழு விவரத்தையும் சொன்னான். "அப்பா ஆடி மாசத்தை மட்டும் குடுத்திருக்கார் சுகுணாக்கா. கல்யாணம் கிடையாது, சீர்ப் பாத்திரம் சும்மாதான் கிடக்கும். 'ஏல, உன் வெளயாட்டுக்கு எடுத்துட்டுப் போ, ஆவணி பொறந்தா பாத்திரமும் கடைக்கு வரணும், நீயும் கல்லாவுல உக்காரணும்'னுட்டார். நான் கெஞ்சினேன். அப்புறம் சொன்னார், 'சரி, முடிச்சுட்டு எனக்குப் போட்டுக் காட்டு. கேட்டுட்டு மேக்கொண்டு பேசுவோம்'னு."

"கேட்டு அவருக்குப் பிடிக்கலன்னா?"

"கல்லாதான்" என்றான். சிரிக்க முயன்றான், சிரிப்பு வரவில்லை.

பாத்திரங்கள் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வந்தன. ஓட்டிக்கொண்டு வந்தவர் தாஸ், கடையில் பல வருடமாக இருப்பவர், பட்டினப்பாக்கத்துக்காரர். அண்டா, அடுக்கு, தாம்பாளம், எவர்சில்வர் தட்டுகள், பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற கை மெஷின், அப்புறம் ராணிகளைப் போல ஏழெட்டுப் பித்தளைக் குடங்கள். "ஏம்மா, பாட்டு எடுக்கிற எடத்துல சமையலா?" என்று கேட்டுக்கொண்டே இறக்கினார். சார் எல்லாவற்றையும் சுற்றி வந்து பார்த்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

"வாத்தியம்னு சொல்லிண்டு கொண்டு வந்துட்டான். அப்போ வாத்தியம்தான். குண்டானா இருந்தாலும் சரி. யாரும் கையை வைக்கப்படாது."

மகாராஜன் சொன்ன இடங்களில் தாஸ் குடங்களைத் துணிச் சும்மாட்டின்மேல் வைக்க, நாங்கள் எது எங்கே என்று தரையில் டேப் ஒட்டி, மைக்குகளை நிறுத்தினோம். ஒருமுறை வைத்த குடத்தை மகாராஜனும் அசைக்கவில்லை. அசைந்தால் நேற்றைய ஒலியும் இன்றைய ஒலியும் ஒட்டாது. துணி சுற்றிய கட்டையால் அவன் குடத்தின் தோளில் மெல்லத் தட்டுவான். 'ங்ங்ங்' என்று எழும்பும் பாருங்கள்! அடிவயிற்றில் கேட்கும். முதல் வாரம் அற்புதமாகப் போயிற்று. சார் கண்ணாடி அவர் மூக்கிலேயே இருந்தது.

அடுத்த வாரம் ஒரு குடம் இரைய ஆரம்பித்தது.

'ங்ங்ங்' என்று வருகிற நாதத்துக்கு அடியில் 'ஸிர்ர்' என்று ஒன்று. ஒரு தட்டலில் வரும், அடுத்ததில் வராது. கண்ணாடி மேஜைக்குப் போயிற்று. மைக்கை மாற்றினோம். ஒயரை மாற்றினோம். ஏ.சி.யை நிறுத்தினோம், வியர்வையில் குளித்தோம். விளக்கை அணைத்தோம். எர்த் கம்பியைத் தோண்டிப் பார்த்தோம். ஸ்டாண்டின் ஒவ்வொரு திருகையும் முறுக்கினோம். என் தாலிச் சங்கிலியைப் பஞ்சில் சுற்றி உள்ளே செருகிக்கொண்டேன். 'சும்மா' பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டோம், அறை நிர்மலமாக இருந்தது. மறுநாள் இரண்டாவது குடம் இரைந்தது. அப்புறம் மூன்றாவது. அம்மை போட்ட வீடு மாதிரி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றியது. குடத்தை மட்டும் யாரும் தொடவில்லை. சட்டமாயிற்றே!

மகாராஜன் முகம் நாளுக்கு நாள் கறுத்தது. ஒரு மத்தியானம் வெளியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"கீறல்தான்க்கா. நான் தட்டித் தட்டியே குடம் கீறிடுச்சு. கீறின குடம்தான் இப்படி இரையும். சின்ன வயசுல இருந்து கேட்டிருக்கேன். அப்பா கிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்? பாட்டும் போச்சு, குடமும் போச்சு."

"துணி சுத்தின கட்டையில தட்டினா பித்தளை கீறுமா? பைத்தியமா உனக்கு?" என்று அதட்டினேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். ஆடி பாதிக்குமேல் ஓடிவிட்டது. இந்தப் பையனுக்கு இன்னொரு ஆடி கிடைக்காது என்று தெரியும்.

அப்போதுதான் எறும்பு வந்தது.

பதிவறையில் தண்ணீர்கூடக் குடிக்க விடமாட்டார் சார். அந்தக் கம்பளத்தில், சுவரோரமாக ஒரு எறும்புச் சாரி! சார் என்னைத்தான் பார்த்தார்.

"சுகுணா, உள்ள என்னத்தைத் தின்னே? உண்மையைச் சொல்லு."

"சத்தியமா ஒண்ணும் இல்ல சார்! என்னைப் போய்..." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பல்லி பிடித்தவள் மேலா சந்தேகம்? குனிந்து அந்தச் சாரியோடேயே போனேன். கம்பளம், சும்மாடு, குடத்தின் இடுப்பு, கழுத்து. அங்கிருந்து நேராக உள்ளே இறங்கியது.

அந்த நேரம் பார்த்து தாஸ் ஒரு தாம்பாளத்தை மாற்றிக்கொடுக்க வந்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் குடத்தைச் சுற்றிக் கைகட்டி நிற்பதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, எறும்பா கீது? கல்கண்டுக்கு வந்துக்கினு இருக்கும்" என்றார்.

"எந்தக் கல்கண்டு?"

"அண்ணாச்சி போட்டாரே. வண்டில ஏத்தச் சொல்லோ, எல்லா குடத்துலயும் மஞ்சளைக் குழைச்சு உள்ள ஒரு பொட்டு வச்சு, அதும்மேல ரெண்டு ரெண்டு கல்கண்டு ஒட்டி அனுப்பிச்சாரு. யாருக்கும் தெரியாதா? நான் என்னமோ உங்களுக்குத் தெரியும்னு இல்ல நெனச்சுக்கினு இருந்தேன்!"

அடக் கடவுளே! ஈர மஞ்சளில் ஒட்டியிருந்தவரை கல்கண்டு வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஏ.சி.யில் மஞ்சள் காய்ந்து பெயர, ஒவ்வொரு குடமாகக் கல்கண்டு கழன்று அடியில் ஆட்டம் போட்டிருக்கிறது. மகாராஜன் கையை உள்ளே விட்டு எடுத்தான். மஞ்சள் பொருக்கு ஒட்டிய இரண்டு கல்கண்டு.

சார் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அப்பாடா! எல்லாத்தையும் கொட்டிட்டுத் துடை. முதல்லேர்ந்து எடுத்துடலாம். ராத்திரி பகல் பாக்காம உக்காந்தா முடிச்சுடலாம்" என்றார்.

மகாராஜன் நகரவில்லை. உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அப்பா இதைக் கல்யாணத்துக்கு எடுக்கறவங்களுக்கு மட்டும்தான் சார் போடுவார்" என்றான். "வெறுங்குடமாக் குடுக்கக் கூடாதுன்னு. குடோனுக்குப் போறதுக்குப் போட மாட்டார், வாடகைக்குப் போறதுக்கும் போட மாட்டார். நல்ல காரியம் ஆரம்பிக்கிறவங்களுக்குத்தான்."

தாஸ் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போனார். வெளயாட்டு என்று சொன்ன அண்ணாச்சியா இதைச் செய்தது!

மகாராஜன் கல்கண்டைத் திரும்பக் குடத்துக்குள்ளேயே போட்டான். "இது இருக்கட்டும் சார். எடுத்த டேக் எல்லாம் அப்படியே இருக்கட்டும்."

"இருக்கட்டுமா?" சார் கண்ணாடியைக் கழற்றினார். அதைப் பார்த்தார், பிறகு பையனைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க ஒரு பல்லிக்குக்கூட இடம் கொடுக்காத மனிதர். "மறுபடி போடு, கேக்கறேன்" என்றார். போட்டேன். நாலாவது டிராக், புது வீட்டில் முதன்முதலாகக் குடத்தை இறக்கி வைக்கிற இடம். 'ங்ங்ங்... ஸிர்ர்ர்.' கண்ணை மூடிக் கேட்டார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் தூக்கி வை சுகுணா. வச்சுக்கறதுன்னா ஒளிச்சு வச்சுக்கப்படாது" என்றார். இரைச்சலை ஏற்றி வை என்று என் ஆயுளில் அவர் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

மகாராஜன் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்து முடித்தான். ஆடி முடிய ஓரிரு நாள் இருக்கும்போது அண்ணாச்சி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. பதிவறைக்குள் கோவிலுக்குள் வருவது போல வந்து, நாற்காலி நுனியில் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்தார். நான் முதல் டிராக்கைப் போட்டேன். பெயர் வெட்டுகிற மெஷினின் 'ர்ர்ர்' மெல்ல ஒரு தாளமாகத் திரும்பியது.

"நம்ம கடை மெஷின்லா" என்றார். அவ்வளவுதான். இரண்டாவது, மூன்றாவது டிராக்குக்கு முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மகாராஜன் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நாலாவது வந்தது. 'ங்ங்ங்... ஸிர்ர்ர்.' அண்ணாச்சி சட்டென்று எழுந்துவிட்டார்.

"நிறுத்துங்கம்மா!"

நிறுத்தினேன்.

"ஏல, இது கீறுன குடம்லா? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். என் கடைக் குடம் கீறல்னு ஊரு ஒலகத்துக்கெல்லாம் பாட்டு போட்டுச் சொல்லப் போறியா? இதுக்கா ஒரு மாசம் கேட்ட?"

எனக்குத் துடித்தது. நான் சொல்லிவிடலாம் என்று திரும்பினால், சார் வேண்டாம் என்று என்னிடம் தலையை ஆட்டினார்.

"கீறல் இல்லப்பா" என்றான் மகாராஜன். "நீங்க உள்ள போட்ட கல்கண்டு."

அண்ணாச்சி அப்படியே நின்றார். மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார். திருட்டுப் பிடிபட்ட மாதிரி அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"கொட்ட வேண்டியதுதானல?"

"மனசு வரலப்பா."

அவர் மெல்ல உட்கார்ந்தார். "முதல்லருந்து போடுங்கம்மா" என்றார். இந்த முறை முழுவதையும் கேட்டார். அவள் மகள் பாத்திரங்களோடு கிளம்பிப் போகிற கடைசி டிராக்கில், எல்லாக் குடமும் சேர்ந்து ஒலிக்கிற இடத்தில், கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் அவரே பேசினார்.

"இதுக்குத்தாம்னு முதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு ரெண்டாவா போட்டிருப்பேன், ஏல? கை நிறைய அள்ளிப் போட்டிருப்பம்லா!"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சாரும் சிரித்தார். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை, அவர் நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். பின்னாலேயே மகாராஜன் ஓடினான்.

"நாளைக்கு தாஸை அனுப்புதேன். குடத்தையெல்லாம் நல்லாத் துடைச்சு ஏத்தி விடு, ஆவணிக்கு ஆள் வர ஆரம்பிச்சாச்சு" என்றார்.

"சரிப்பா. நானும் வண்டிலயே ஏறி வந்துடறேன்."

"நீ எதுக்குல?" என்றார் அண்ணாச்சி. "கல்லாவுல உக்கார எனக்கு இன்னும் தெம்பு இருக்கு. நீ உன் சோலியைப் பாரு."